இன்னும் அஞ்சு நிமிஷம்

ஆண்டர்சன்பேட்டையில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகளில் டெய்சிக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: சங்கு. தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் சங்கு ஊதும், அது ஊதினால் ஊரே எழுந்து உட்காரும். சுரங்கத்தை மூடினார்கள், சங்கும் வாயை மூடிக்கொண்டது. வயிறு மட்டும் மூடிக்கொள்ளவில்லை. பிழைப்பு பெங்களூருக்கு இடம் மாறியது. மாரிக்குப்பத்திலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பும் முதல் ரயில் வண்டியைப் பிடிக்காவிட்டால் அன்றைக்கு வேலை அம்பேல். அந்த வண்டிக்குத் தன் வரிசை ஆட்களை எழுப்பிவிடும் பொறுப்பை டெய்சி எடுத்துக்கொண்டாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளாகவே இழுத்துப் போட்டுக்கொண்டாள். சிலருக்குச் சும்மா இருக்க வராது.

பதினொரு வீடுள்ள அந்த வரிசையில் ஐந்து கதவுகள் அவள் பொறுப்பு. மூன்றரைக்கு எழுவாள். குளித்து, சேலைக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டி, தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வெளியே வருவாள். பாபு வீட்டுக் கதவின் கீழ்ப்பாதியில் தகரம் அடித்திருக்கும். அங்கேதான் தட்ட வேண்டும், மரத்தில் தட்டினால் அவன் காதில் ஏறாது. பாக்யலட்சுமிக்கு ஜன்னல் கம்பியில் சாவியால் இரண்டு தட்டு போதும். எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து வரும் பதில் ஒன்றுதான்: "இன்னும் அஞ்சு நிமிஷம்கா!" டெய்சி வீட்டுக்குப் போய் டீ போட்டுக் குடித்துவிட்டு, சரியாக ஐந்து நிமிஷம் கழித்து இரண்டாவது சுற்று வருவாள். இந்தச் சுற்றில் கதவு திறக்காமல் நகர மாட்டாள்.

இவர்களிடம் போன் இல்லையா என்று கேட்பீர்கள். ஆளுக்கொன்று இருக்கிறது, ஒவ்வொன்றிலும் மூன்று அலாரம். அலாரத்தை அமுக்கிவிட்டுத் திரும்பிப் படுக்கலாம். டெய்சியை அமுக்க முடியுமா?

ஐம்பத்து நான்கு வயது டெய்சிக்கு பெங்களூரில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. துவைத்து வரும் பெட்ஷீட்டுகளைப் பிரித்து, மடித்து, வார்டு வார்டாக அடுக்கி அனுப்பும் பிரிவு. பத்தொன்பது வருஷமாக ஊரார் படுப்பதற்கு விரிப்பு மடித்துக் கொடுத்தவள், தன் கட்டிலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் படுத்ததில்லை. அவள் தூங்குவது வண்டியில்தான். மாரிக்குப்பத்தில் ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் கைக்குட்டையைப் போட்டு வைப்பாள். பங்காருப்பேட்டையில் ஷோபா வந்து அந்த இடத்தில் உட்கார்ந்ததும் டெய்சியின் தலை சாயும். அதன் பிறகு மாலூர் வந்ததும் தெரியாது, ஒயிட்ஃபீல்டு போனதும் தெரியாது. கண்டோன்மென்டில் ஷோபா முழங்கையால் இடித்து எழுப்புவாள். ஷோபா கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரி. இடம் பிடித்துக் கொடுப்பதற்குக் கூலியாக எழுப்பிவிடுவது என்பது அவர்களுக்குள் பேசாமலே ஏற்பட்ட ஒப்பந்தம்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள், இடுப்புயரம் அடுக்கிய பெட்ஷீட்டைத் தூக்கியபோது டெய்சியின் இடது கை திடீரென்று கை மாதிரியே இல்லாமல் போனது. அடுக்கு சரிந்தது. விரல்களை மடக்கப் பார்த்தாள், அவை கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் அவளை விடவில்லை, நேராக டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

டாக்டரம்மா படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, பிரஷர் மாத்திரையை மாற்றி எழுதினார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"இது எச்சரிக்கை, டெய்சி. அடுத்த தடவை கால் மணி நேரத்துல சரியாகும்னு நான் சொல்ல மாட்டேன். குளிர்காலத்துல ரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். நீங்க என்னடான்னா நடுங்கற குளிர்ல, தூக்கமே இல்லாம ஓடறீங்க. ஆறு வாரம் லீவு. வெயில் வந்த பிறகுதான் வெளியே வரணும். நல்லாத் தூங்கணும். பொங்கல் கழிச்சு வாங்க. பிரஷர் இறங்கியிருந்தாத்தான் வேலைக்கு விடுவேன்."

டெய்சிக்கு அம்மா ஞாபகம் வந்தது. அவள் அம்மா ஐம்பத்தைந்தாவது வயதில், ஒரு ஜனவரி மாத விடியற்காலையில், அப்பாவை ஷிஃப்டுக்கு எழுப்பிவிட்டு டீ கெட்டிலைக் கையில் எடுத்தவள் அப்படியே அடுப்படியில் சாய்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. கெட்டில் உருண்ட சத்தம் இன்றைக்கும் டெய்சியின் காதில் இருக்கிறது. தனக்கு வரும் பிப்ரவரியில் ஐம்பத்தைந்து தொடங்குகிறது என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இவ்வளவு தெரிந்தவள் லீவின் முதல் நாள் என்ன செய்தாள்? மூன்றரைக்கு எழுந்து ஐந்து கதவையும் தட்டினாள்.

"லீவுன்னுதானே சொன்னே?" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டார் சைலஸ். அவள் வீட்டுக்காரர். ஒரு தொழிற்சாலை கான்டீனில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படுத்தால் இடி விழுந்தாலும் எழாத வரம் வாங்கி வந்தவர். முப்பது வருஷமாக அவரை எழுப்பி வேலைக்கு அனுப்பியதும் டெய்சிதான்.

"லீவு ஆஸ்பத்திரிக்குங்க. இவங்களுக்கு இன்னா லீவு? நான் தட்டலன்னா பாபு வண்டியை வுட்டுடுவான்" என்றாள் டெய்சி.

தட்டிவிட்டு வந்து படுத்தாள். தூக்கம் வரவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் மூலையில் ஒட்டடையைக் கண்டாள். கிறிஸ்துமஸ் வருகிறதே என்று நினைத்தாள். அவ்வளவுதான், அடுத்த பத்து நாளில் வீடு முழுக்க வெள்ளையடித்தாள், டிரங்குப் பெட்டியைக் காலி செய்து வெயிலில் காய வைத்தாள், இரண்டு படி மாவுக்குக் கல்கலா பலகாரம் சுட்டாள், ஜன்னல் திரைக்குப் புதிதாக ஓரம் தைத்தாள். யாராவது கேட்டால் "ரெஸ்ட்ல கீறேன்" என்று மனசாரச் சொன்னாள்.

பத்தாவது நாள் பேட்டையில் இருக்கும் சின்ன கிளினிக்கில் பிரஷர் பார்த்தாள். நர்ஸ் பட்டையைச் சுற்றி, ஒரு முறை பார்த்து, திரும்பவும் சுற்றிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் இருந்ததைவிட ஏறியிருந்தது.

வீட்டுக்கு வந்து புது வெள்ளைச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து கணக்குப் போட்டாள் டெய்சி. நான்கு வாரம்தான் பாக்கி. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாள், உப்பைக் குறைத்துவிட்டாள். தூக்கம் மட்டும் கிட்டே வர மாட்டேன் என்கிறது. படுத்தால் காது விழித்துக்கொண்டே இருக்கிறது. நாய் குரைத்தால் மணி பார்க்கிறாள், பக்கத்து வீட்டில் இருமினால் மணி பார்க்கிறாள். நான் எங்கேதான் தூங்கினேன் என்று யோசித்தாள். யோசித்ததும் விடை கிடைத்துவிட்டது. ரயில் பாஸ்கூட மாதக் கடைசி வரைக்கும் இருக்கிறது!

மறுநாள் கதவுகளைத் தட்டிவிட்டு, அவளும் கிளம்பிப் போய் வண்டியில் உட்கார்ந்துவிட்டாள். குளிரில் வெளியே வராதே என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகத்தில் இருந்தது. ஆனால் தூங்கச் சொன்னதும் அதே டாக்டரம்மாதானே என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். ஓய்வெடுக்க ரயிலேறிய மனுஷி உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். பங்காருப்பேட்டையில் ஷோபா வந்து உட்கார்ந்தாள். டெய்சி சிரித்தாள், தலை சாய்ந்தது. பத்து நாள் தூக்கம் மொத்தமாக வந்து அவளை அள்ளிக்கொண்டு போனது.

கண்டோன்மென்டில் ஷோபா இடித்து எழுப்பினாள். "டியூட்டி ஆரம்பிச்சாச்சாக்கா?"

"இல்ல. தூங்க வந்தேன். அடுத்த வண்டியில திரும்பிப் போயிடுவேன்."

ஷோபா இறங்க எழுந்தவள் அப்படியே நின்றாள். பிறகு டெய்சியின் கையைப் பிடித்து பிளாட்பாரத்தில் இறக்கி, ஒரு பெஞ்சில் உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தாள். கடைக்கு நேரமாகிறது என்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"அய்யோ கடவுளே, இன்னாக்கா இது? வீட்ல கட்டில் இல்லையா?"

"கட்டில் கீது. தூக்கம் வரல. வண்டி ஆடினாத்தான் வருது போல."

"ஆட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சாயங்காலம் திரும்பற வண்டியும்தான் ஆடுது. அதுல நீங்க தூங்கி நான் ஒரு நாள்கூட பாத்ததில்ல. நான் பாதியில பங்காருப்பேட்டையில எறங்கிடுவேன், அதுக்கப்புறம் மத்தவங்கள எழுப்பறதே நீங்கதான், உங்கள எழுப்ப ஆள் இல்லன்னு கொட்டக் கொட்ட முழிச்சிக்கினு வருவீங்க. காலைல நான் எழுப்புவேன்னு தெரியும், அதான் தூங்கறீங்க. வீட்ல உங்கள யாரு எழுப்புவா?"

டெய்சி ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தாள். அம்மா போன பிறகு அப்பாவை எழுப்பினாள், தம்பிகளை எழுப்பினாள், கல்யாணமாகி சைலஸை எழுப்பினாள், மகளை எழுப்பினாள், இப்போது வரிசையையே எழுப்புகிறாள். அவளை எழுப்பினவர் யாருமில்லை. பிளாட்பாரத்தில் அத்தனை பேர் போய்க்கொண்டிருக்க, டெய்சிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஷோபா தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

அழுது முடிந்ததும் விஷயம் முடிந்தது என்று நினைத்தால் உங்களுக்கு ஷோபாவைத் தெரியாது. அன்று சாயங்கால வண்டியில் அவள் பாபுவையும் பாக்யலட்சுமியையும் தேடிப் பிடித்து, ஒரு பெட்டியே கேட்கும்படி திட்டித் தீர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் டெய்சி வீட்டுக்கு வந்து, கல்கலாவைத் தின்றுகொண்டே பேச்சை ஆரம்பித்தார்கள்.

"அக்கா, நாளையிலேர்ந்து நீ தட்ட வேணாம். நாங்களே எய்ந்துக்கறோம்" என்றான் பாபு. முப்பத்தைந்து வயது, ஐ.டி. கம்பெனி ஒன்றில் செக்யூரிட்டி.

"நீ எய்ந்துக்குவ? உன் பக்கத்துல வெடி வெச்சாக்கூட எய்ந்துக்க மாட்ட நீ."

"வண்டி வுட்டா வுட்டதுதான். அதுக்கு நீ இன்னா பண்ணுவ?"

டெய்சிக்கு முகம் வாடிப்போனது. இவர்கள் நல்லதற்குத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்தது. ஆனாலும் தன்னைத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது போல ஒரு வலி. அதைப் பாக்யலட்சுமி பார்த்துவிட்டாள். அவள் கார்மென்ட்ஸில் வேலை செய்பவள், அதிகம் பேச மாட்டாள்.

"அக்கா, நீ தட்டினாத்தான் எனக்குக் காலையே வரும். அதுக்காக உன்ன நாங்க எடுத்துக் குழியில வெக்க முடியாது. உங்கம்மாவ எனக்கு ஞாபகம் கீது" என்றாள்.

சைலஸ் நெஞ்சை நிமிர்த்தினார். "நாளைக்கு இவ வாசப்படி தாண்ட மாட்டா. நான் காவல் இருக்கேன்."

சொன்னபடியே மறுநாள் மூன்றரைக்கு, குரங்குக் குல்லாயும் கம்பளியுமாகக் கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பத்தே நிமிஷத்தில் குறட்டை. காவல் காப்பவர் தூங்கிவிட்டார், கைதி விழித்திருந்தாள்.

டெய்சி கட்டிலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். பாக்யலட்சுமி வீட்டுத் தாழ்ப்பாள் விலகியது. நல்ல பிள்ளை. அடுத்தது கோடி வீடு, குழாயில் தண்ணீர் விழும் சத்தம். அதற்கடுத்து இரண்டு கதவுகள் திறந்தன. பாபு வீட்டில் மட்டும் சத்தமில்லை. டெய்சி எழுந்தாள். நாற்காலியை ஓரமாக நகர்த்தினால் போதும், சைலஸுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஒரே ஒரு தட்டு, கீழே தகரத்தில். நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். கதவிடுக்கில் வந்த குளிர் விரலில் பட்டதும் இடது கை லேசாக மரத்தது போலிருந்தது. குளிரோ, பயமோ, தெரியவில்லை. அடுப்படியில் உருண்ட கெட்டிலின் சத்தம் காதுக்குள் கேட்டது. அவள் கையை எடுத்துவிட்டாள். திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மாரிக்குப்பம் பக்கமிருந்து வண்டியின் ஹாரன் கேட்டது. பாபு வீட்டுக் கதவு திறக்கவே இல்லை. அந்தச் சில நிமிஷங்களில் பட்ட கஷ்டத்தை அவள் வாழ்க்கையில் பட்டதில்லை.

ஆறரைக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். சைலஸ் பதறி எழுந்து நாற்காலியை நகர்த்தித் திறந்தார். பாபு நின்றிருந்தான். குளித்து, யூனிஃபார்ம் போட்டு, தலையை வழவழவென்று வாரியிருந்தான்.

"டேய், உன் வேலை?" என்று டெய்சி ஓடிவந்தாள்.

"வேலை அங்கதான் கீது, எங்க ஓடிப்பூடும்? சூப்பர்வைசருக்குப் போன் பண்ணேன். கத்தினான். கத்தி முடிச்சிட்டு, மத்தியான ஷிஃப்டுக்கு வான்னுட்டான். அவ்ளோதான்கா. ஒலகம் ஒண்ணும் இடிஞ்சு பூடல." அவன் உள்ளே வந்து உட்கார்ந்தான். "டீ கீதா? உன் டீயைக் குடிச்சதே இல்ல நானு. நீ குடிச்சிட்டு வந்து தட்டுவ, நான் குடிக்காம ஓடுவேன்."

டெய்சி டீ போட்டுக் கொடுத்தாள். பத்தொன்பது வருஷமாக எதற்குப் பயந்து ஓடினாளோ அது நடந்துவிட்டது. வண்டி போய்விட்டது. அந்த வண்டியை விட்டவன் எதிரில் உட்கார்ந்து ஊதி ஊதி டீ குடிக்கிறான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் போன பிறகு உடம்பெல்லாம் கட்டவிழ்ந்த மாதிரி ஆனது. எட்டு மணிக்கு, சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்த சயனைடு மேட்டைத் தாண்டி வெயில் ஏறி வந்து வீட்டின் பின்பக்கத்தில் விழுந்தது. சைலஸ் கயிற்றுக் கட்டிலை இழுத்து அங்கே போட்டார்.

"படு. நான் எழுப்பறேன்."

"நீங்களா?"

"ஆமா, நான்தான். பதினொரு மணிக்கு. நாற்காலியில உக்காரல, நின்னுக்கினே இருக்கேன், போதுமா?"

அவர் நின்றார். மனுஷன் பாவம், மூன்று மணி நேரம் சுவரில் சாய்ந்தும் சாயாமலும் நின்றார். பதினொரு மணிக்குக் கட்டில் சட்டத்தில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். டெய்சி திடுக்கிட்டு விழித்தாள். முகத்தில் வெயில். எந்த ஊர், என்ன கிழமை என்று புரிய அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். மறுநாளும் மூன்றரைக்கு விழித்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை, கம்பளிக்குள்ளேயே கிடந்தாள், நாலரைக்குத் திரும்பக் கண்ணயர்ந்தாள். கிறிஸ்துமஸ் அன்று விடியற்கால ஆராதனைக்குப் போகாமல், பிறந்ததிலிருந்து முதல் முறையாக எட்டு மணி ஆராதனைக்குப் போனாள். சபையில் பாதிப் பேர் "இன்னா டெய்சி, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். "ஒடம்பு சரியாகுது" என்று பதில் சொன்னாள். பகலில் வெயிலோடு சேர்ந்து மெதுவாக நடந்தாள். அவசரமில்லாமல் நடந்தால் பேட்டையில் எவ்வளவு பேரைத் தெரிகிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வரிசை ஆட்கள் விடியற்காலையில் அவள் வீட்டைத் தாண்டும்போது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்களாம். சத்தம் கேட்டு அவள் விழித்துவிடக் கூடாதே என்று. இதைப் பாக்யலட்சுமி பிற்பாடு சொன்னாள். பாபு இன்னும் இரண்டு தடவை வண்டியை விட்டான். அது வேறு கதை, அவன் திருந்துகிற ஜாதியில்லை.

பொங்கல் கழிந்து டாக்டரம்மாவிடம் போனாள். அவர் பட்டையைக் கழற்றிவிட்டு, பழைய சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நல்லா இறங்கியிருக்கே! என்ன செஞ்சீங்க?"

"கதவு தட்டறத வுட்டுட்டேன்மா" என்றாள் டெய்சி. அவருக்குப் புரியவில்லை, ஆனால் எழுதிக் கொடுத்தார்: வேலைக்குப் போகலாம், ஆனால் குளிர்காலம் முடியும் வரைக்கும் காலை பத்து மணிக்குத் தொடங்கும் ஷிஃப்ட். மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். வெளியே வந்த டெய்சி முதலில் ஷோபாவுக்குப் போன் செய்தாள்.

வேலைக்குத் திரும்பும் நாளன்று, சைலஸ் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். வெளியே பளபளவென்று விடிந்திருந்தது. வரிசையில் போக வேண்டியவர்கள் எல்லாரும் எப்போதோ போய்விட்டிருந்தார்கள். அவர் கட்டில் சட்டத்தில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"டெய்சி. மணியாச்சு."

கம்பளி அசைந்தது. உள்ளேயிருந்து, தூக்கம் கலையாத குரலில், பத்தொன்பது வருஷமாக அவள் கதவுக்குக் கதவு கேட்ட பதில் வந்தது.

"இன்னும் அஞ்சு நிமிஷம்ங்க."

சைலஸ் டீயை மூடி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மணி பார்த்துக்கொண்டிருந்தார்.